18 நாள் சீசனும் 347 நாள் பாக்கியும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விளையாட்டும் வாழ்க்கையும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். ரொம்பப் பெரிய தலைப்பு. நான் பி.காம். படித்தவன். கணக்குப் பார்க்காமல் எனக்குப் பேச வராது. ஆகையால் வாழ்க்கையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு டீம், அதனுடைய ஒரே ஒரு சீசன், அதை மட்டும் வரவு செலவு பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

2019 மே 22. பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் குருநானக் ஸ்டேடியம். இந்தியப் பெண்கள் கால்பந்து லீகின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மணிப்பூர் போலீஸ் அணி. இன்னொரு பக்கம் சேது எஃப்.சி. 3–1 என்ற கோல் கணக்கில் சேது எஃப்.சி. ஜெயித்தது. இந்தியாவின் பெண்கள் கிளப் சாம்பியன் என்ற பட்டம் முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

பேப்பரில் "மதுரை அணி" என்று போட்டார்கள். இருக்கட்டும். ஆனால் மதுரையில் அருப்புக்கோட்டை பஸ் ஏறி வந்த எல்லாருக்கும் தெரியும், சேது என்றால் எது என்று. அந்த கிளப்பை நடத்துவது 1995-இல் தொடங்கிய சேது பொறியியல் கல்லூரியின் நிர்வாகத்தார். அந்தக் கல்லூரி இருப்பது புல்லூரில். புல்லூர் இருப்பது காரியாபட்டி தாலுகாவில். காரியாபட்டி இருப்பது திருச்சுழி சட்டமன்றத் தொகுதியில். ஆக, அந்தக் கோப்பையின் விலாசத்தில் கடைசி வரி நம்ம வானம் பார்த்த பூமிதான். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த ஊர்ப் பக்கத்து வெற்றி நமக்கே தெரியாமல் போனது ஏன் என்பதுதான் என் பேச்சின் முதல் கேள்வி.

முதலில் அந்த சீசனைப் பார்ப்போம். இந்தியப் பெண்கள் லீக் 2016–17-இல்தான் பிறந்தது. முதல் வருஷம் இறுதிச் சுற்றில் ஆடியவை ஆறே அணிகள். அதில் ஜேப்பியார் கல்லூரி அணியும் இருந்தது. முதல் கோப்பையை மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் தூக்கியது. 2018-இல் ஷில்லாங்கில் நடந்த அடுத்த சீசனில் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப் ஜெயித்தது. சேது எஃப்.சி. இந்த மேடைக்கு வந்தது அந்த இரண்டாவது சீசனில்தான். அதற்கடுத்த சீசனிலேயே சாம்பியன்! ஒரு விஷயம் கவனியுங்கள். பெரிய பணக்கார கிளப்புகள் பெண்கள் கால்பந்தைத் திரும்பிப் பார்க்காத நேரத்தில், தமிழ்நாட்டில் அதற்கு முதலில் இடம் கொடுத்தவை கல்லூரிகள். இதை நாம் ஒரு கல்லூரி வளாகத்தில் நின்று பேசுகிறோம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

2018–19 சீசன் மே 5-இல் ஆரம்பித்தது. 12 அணிகள், இரண்டு பிரிவு. பிரிவில் ஐந்து ஆட்டம், பிறகு அரை இறுதி, பிறகு இறுதி. அரை இறுதியில் எல்லைக் காவல் படையான சஷஸ்த்ர சீமா பல் அணியைத் தோற்கடித்து சேது எஃப்.சி. இறுதிக்குப் போனது. மொத்தம் ஏழு ஆட்டம், பதினெட்டு நாள். மே மாதத்தில் லூதியானாவின் வெயில் 40 டிகிரியை உரசும். நம்ம ஊர்க் கத்திரிக்குச் சற்றும் குறையாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை அந்த வெயிலில் இறங்கி ஓட வேண்டும். காலில் அடிபட்டால் ஆற நாள் கிடையாது.

ஏழு ஆட்டத்தை 90 நிமிஷத்தால் பெருக்குங்கள். 630 நிமிஷம். பத்தரை மணி நேரம். ஒரு பெண் தன் பத்து பன்னிரண்டு வயதிலிருந்து ஓடிய ஓட்டத்துக்கெல்லாம் சேர்த்து, நாட்டின் உச்சமான போட்டி அந்த வருஷம் கொடுத்த மேடை பத்தரை மணி நேரம்தான். அதில் மழை இல்லை, ஒத்திவைப்பு இல்லை, "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" இல்லை.

இறுதியில் எதிரே நின்றது யார்? மணிப்பூர். இந்தியப் பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் கோட்டை என்று பொருள். தேசியப் பட்டத்தை அதிக முறை அவர்களே கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் கோட்டையில் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் ஓட்டை போட்டது 2018 பிப்ரவரியில், கட்டாக்கில். மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டியின் இறுதியில் மணிப்பூரை 2–1 என்று வென்று தமிழ்நாடு முதல்முறை சாம்பியன் ஆனது. அதற்கு அடுத்த வருஷம் லூதியானா. எனவே அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. எங்கேயோ ஒரு உழைப்பு முளைத்திருந்தது.

எங்கே முளைத்திருந்தது என்று தேடினால் கடலூருக்குப் போய் நிற்கிறோம். அந்த சேது அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர் மாவட்டத்துப் பெண். சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பக்கம். கடலூர் அரசு விடுதியில் வளர்ந்து, பந்து உதைக்கக் கற்று, இந்திய அணிக்குப் போனவர். அங்கே ஒரு அகாடமி, ஒரு மைதானம், சாயங்காலமானால் தவறாமல் விசில் ஊத ஒரு கோச். இவ்வளவுதான் விதை. இன்னொருத்தர் சபித்ரா பண்டாரி, நேபாளத்துப் பெண். அந்த நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர் இவர்தான். பின்னாளில் பிரான்ஸ் நாட்டு கிளப் வரைக்கும் போனார். 2019-இல் இவர் போட்டிருந்தது சேது சட்டை.

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன். அணியின் பெயர் நம் பக்கத்துப் பெயர். முன்னால் நின்று ஆடியவர்கள் கடலூரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். அப்படியென்றால் இது நம் வெற்றியா? சிலபேர் "வெளியூர்க்காரங்களை வச்சு ஜெயிச்சாங்க" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உழவன் விதையை வெளியூரில் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் நிலம் தன் பங்குக்கு ஏதாவது விளைவிக்க வேண்டும் அல்லவா? காரியாபட்டி, நரிக்குடி, திருச்சுழி, பந்தல்குடி, பாலையம்பட்டி என்று இத்தனை ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கோப்பை போய்ச் சேர்ந்ததா? அந்த ஒரு கேள்விதான் என்னை உறுத்துகிறது.

"நம்ம மண்ணு கால்பந்துக்கு ஆகாது" என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் கணக்குப் பார்த்துவிடுவோம். ஒரு வாலிபால் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர், அதாவது 162 சதுர மீட்டர். கபடிக் களம் அதைவிடச் சிறிசு. சர்வதேச அளவு கால்பந்து மைதானம் 105-க்கு 68, அதாவது 7,140 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் ஏக்கர். ஒரு கால்பந்து மைதானத்துக்குள் 44 வாலிபால் களம் அடங்கும். கோயில் பொட்டலிலும் களத்துமேட்டிலும் நம் பிள்ளைகள் ஏன் கபடியும் வாலிபாலும் ஆடினார்கள் என்பதற்கு இதுவே விடை. அடுத்தது தண்ணீர். அந்தப் புல்லுக்குக் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டாலும் 35,700 லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் லாரி மூணு லோடு. குடிக்கவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற ஊர் இது. புல்லுக்கு லாரித் தண்ணீர் விட்டால் சனம் விடுமா? விடக்கூடாதுதான்.

அடுத்தது கரிசல். வெயிலில் கால் நுழையும் அளவு வெடிக்கும், மழையில் சோற்றுப் பசை மாதிரி ஒட்டும். ஓடுகிற பிள்ளைக்குக் கணுக்கால் போகும். சுற்றிலும் சீமைக்கருவேலம். ஒரு முள் போதும், பந்தும் காலி, பாதமும் காலி.

ஆனால் புல் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்று யார் சொன்னது? கரிசல் மேல் சரளை போட்டு, செம்மண் கொட்டி, ரோலர் ஓட்டி, மட்டம் பார்த்துவிட்டால் மண் மைதானம் தயார். புழுதி அடங்க லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். மேட்ச் வேண்டுமானால் புல்லில் ஆடட்டும். பழகுவதற்கு மண் போதும். இந்த ஆட்டம் நமக்கு அந்நியமும் இல்லை. 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பையன், மதுரையில் படிக்கும்போது பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். அவன் இருக்கும் பக்கம் ஜெயிக்கும் என்று "தங்கக் கை" என்றே கூப்பிட்டார்களாம். அந்தப் பையன்தான் பகவான் ரமணர். திருச்சுழிக்குக் கால்பந்து ஆகாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்!

சரி, தலைப்புக்கு வருவோம். பதினெட்டு நாள் போக மீதி 347 நாள். அந்த நாட்களில் ஒரு பெண் ஆட்டக்காரி என்ன செய்வாள்? எங்கே சாப்பிடுவாள், எங்கே ஓடுவாள், வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பாள்? இதற்கு மணிப்பூர் ஒரு பதில் வைத்திருக்கிறது. இறுதியில் தோற்ற அணியின் பெயரைப் பாருங்கள், மணிப்பூர் போலீஸ். அரை இறுதியில் தோற்றது எல்லைக் காவல் படை. அதாவது அந்தப் பெண்களுக்கு உத்தியோகம் இருக்கிறது. பத்மஸ்ரீ பெற்ற பெம்பெம் தேவி மணிப்பூர் போலீசில் வேலை பார்த்துக்கொண்டே இந்தியாவுக்கு ஆடினார். "விளையாடி என்னத்தைக் கண்டே?" என்று கேட்கும் வீட்டுக்கு மாதச் சம்பளத்தைவிடப் பெரிய பதில் கிடையாது. நம் இந்துமதியும் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020-இல் கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் காக்கி உடுப்போடு நின்றார். அவர் ஆட்டத்தில் நீடித்ததற்கு அவர் திறமை ஒரு காரணம், அந்த உத்தியோகமும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.

உத்தியோகமும் நீண்ட சீசனும் இல்லாத இடத்தில் அணிகள் பஞ்சாகப் பறக்கும். சபித்ரா அடுத்த சீசனில் கோகுலம் கேரளா அணிக்குப் போனார். 2020-இல் கோப்பையும் அங்கே போனது. அவரைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டு நாள் வேலை கொடுக்கிற இடத்தில் ஆயுசுக்கும் எப்படி இருப்பது? 2022-இல் புவனேஸ்வரத்தில் சேது மறுபடி கோப்பையின் வாசல் வரை போனது. கடைசி ஆட்டமே யாருக்குக் கோப்பை என்று தீர்மானித்தது. கோகுலத்திடம் 3–1 என்று தோற்று இரண்டாம் இடம். நல்ல சேதி என்னவென்றால், 2023–24-இல் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை வந்தது. 2024–25-இல் எட்டு அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம். ஏழு 14 ஆனது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2–1 என்று வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஆட்டம் கூடினால் ஆட்டக்காரி தேறுவாள். அவ்வளவுதான் சூத்திரம்.

அடுத்து, ஊர் என்ன செய்யலாம் என்பதற்கு இரண்டு உதாரணம். ஒன்று ஹரியானாவின் அலக்புரா. பிவானி மாவட்டத்து வறண்ட கிராமம். ஒரு அரசுப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் பெண்பிள்ளைகள் கையில் ஒரு பந்தைக் கொடுத்தார். அந்தக் கிராமத்தின் பெயரிலேயே ஒரு அணி உருவாகி, 2016–17-இல் நடந்த முதல் பெண்கள் லீகின் இறுதிச் சுற்றில் ஆடியது. கிராமம்! நகரம் இல்லை.

இன்னொன்று ரொம்பத் தூரம், அமெரிக்காவின் கிரீன் பே. அங்கே ஆடுவது வேறு கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவது. அந்த லீகில் மற்ற அணிகளுக்கெல்லாம் கோடீஸ்வர முதலாளிகள். கிரீன் பே என்ற லட்சம் பேர் வசிக்கும் சின்ன ஊரின் பேக்கர்ஸ் அணிக்கு மட்டும் முதலாளி ஊர் ஜனங்கள். 1923 முதல் பங்குப் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு லாபத்தில் பங்கு கிடையாது. லாபம் வரும் என்று யாரும் வாங்கவும் இல்லை. அணி நொடித்த காலங்களில், 1935-இலும் 1950-இலும், மறுபடி பத்திரம் விற்றுத்தான் பிழைத்தது. அந்த ஊர் அணி 1961 தொடங்கி ஏழு வருஷத்தில் ஐந்து முறை சாம்பியன் ஆனது. 1967 டிசம்பர் 31 அன்று மைனஸ் 25 டிகிரிக் குளிரில் நடந்த ஆட்டத்துக்கும் ஜனங்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஏன்? அது அவர்கள் காசு. அவர்கள் பிள்ளை.

அமெரிக்காக்காரன் செய்தது பெரிய புதுமை என்று நினைக்க வேண்டாம். நம்ம தாத்தாக்கள் அதைவிட முன்பே செய்தார்கள். அதற்குப் பெயர் மகமை. பருத்திப் பொதிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று விற்ற பணத்தில் ஒரு துளியைப் பொதுவில் போட்டார்கள். அதில் கிணறு வந்தது, சாவடி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் வந்தது. அருப்புக்கோட்டையிலும் வியாபாரிகளும் தறிக்காரர்களும் கட்டிய பள்ளிகளில்தான் நம்மில் பாதிப் பேர் அகரம் படித்தோம். அவரவர் சமூகத்துக்கு என்று தொடங்கியவை, இன்று எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் இடங்களாகிவிட்டன. மழை பொய்த்த ஊரில் படிப்பு பொய்க்காமல் இருந்ததற்கு அந்தத் துளிதான் காரணம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மகமை. இன்றைக்கு மைதானத்துக்கு ஒரு மகமை போட்டால் என்ன?

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். இந்த வருஷம் சங்க நிதியில் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வளைவு அழகுதான். அதில் நம் பெயரும் வரும். ஆனால் வளைவுக்குள் நுழைகிற மாணவி, மைதானத்தின் வேலியோரமாகவே நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுகிறாளே, உள்ளே காலடி வைக்கவில்லையே! 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்லது. ஆனால் கட்டணம் இல்லாத பஸ்ஸும் அதன் நேரத்துக்குத்தான் வரும். அவள் ஊருக்குப் போகும் வண்டியை விட்டால் இருட்டிவிடும். பயிற்சிக்கு நிற்கிற பெண்ணைப் பத்திரமாக வீட்டில் விடுவதற்கு ஒரு ஏற்பாடு இல்லாதவரை, "எங்க பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று சொல்ல நமக்கு வாயில்லை.

கணக்குச் சொல்கிறேன். இங்கே 300 பேர் ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போட்டால் 60,000. இருபத்தைந்து மாணவிகளுக்கு முட்டை, சுண்டல், வாழைப்பழம் என்று சாயங்காலச் சாப்பாடு சுமாராக 15,000. வீடு சேர்க்க ஒரு வேன் 15,000. பெண் பயிற்சியாளர் ஒருவருக்கு 20,000. மீதி 10,000 பூட்ஸுக்கும் பந்துக்கும் மருந்துக்கும். மைதானத்துக்குச் சரளையும் செம்மண்ணும் ஒரு தடவைச் செலவு. அதை வளைவுக்கு வைத்த பணத்தில் எடுக்கலாம். இது முதல் வருஷத்திலேயே கோப்பை வாங்கித் தராது. ஆனால் 347 நாளும் ஒரு மைதானம் திறந்திருக்கும். போலீஸ் தேர்வுக்குப் போகிற பெண்ணும் அதே மைதானத்தில் ஓடிப் பழகலாம். அப்படி நாலு பேர் வேலைக்குப் போனால் ஐந்தாவது பெண்ணை வீட்டில் தாங்களாகவே அனுப்புவார்கள்.

மாணவிகளே, உங்களுக்கு ஒன்று. புல்லூர் இங்கிருந்து தூரம் இல்லை. ஆனால் ஜெயித்த அணியைப் பார்த்துக் கைதட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். "எங்களுக்கும் அரை மைதானம், வாரம் ஆறு நாள்" என்று முதல்வர் அறைக்குப் போய்க் கேளுங்கள். கூட்டமாகப் போய்க் கேளுங்கள். மாணவத் தம்பிகளே, அந்த அரை மைதானத்தை விட்டுக்கொடுப்பது நீங்கள் போட வேண்டிய மகமை. உங்களிடம் பணம் கேட்கவில்லை, இடம்தான் கேட்கிறோம்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வெளியே வரவேற்பு மேஜையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் "மைதான மகமை" என்று எழுதி, முதல் வரியில் என் பெயரையும் 12 மாதத் தொகை 2,400-ஐயும் போட்டிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில்தான் அந்த மேஜை இருக்கிறது. இரண்டாவது வரி யாருடையது என்று சாப்பிடும் முன் தெரிந்துவிடும்.